முன்னறிவிப்போடு ஒரு திடீர் வருகை

திடீரென்று வருவதற்கென்றே ஓர் இயக்ககம் அமைத்து, அதற்கு ஒரு மாடிக் கட்டடமும், கட்டடத்துக்கு ஒரு மணிக்கூண்டும், மணிக்கூண்டுக்கு ஒரு கண்காணிப்பாளரும் கொடுத்த நாடு உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான். மற்ற நாடுகளில் தலைவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்கள். ஜனங்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சங்கடம். நம் நாட்டில் அந்த அநாகரிகம் ஒழிக்கப்பட்டுவிட்டது. தலைவரின் ஒவ்வொரு திடீர் வருகையையும் 'திடீர் வருகை இயக்ககம்' மாதக்கணக்கில் திட்டமிட்டு, யாருக்கும் எந்தத் திடீரும் நேராதபடி பார்த்துக்கொள்கிறது.

இதன் பூர்வ கதையைச் சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்டதனம். பதவிக்கு வருவதற்கு முன்னால் தலைவர் நிஜமாகவே திடீரென்று வந்துகொண்டிருந்தார். ஏதாவது ஒரு தெருவில் நுழைவார். ஏதாவது ஒரு கதவைத் தட்டுவார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க" என்பார். கொடுத்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "இந்தத் தண்ணியவா குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதுவிடுவார். பிறகு வாசலுக்கு வந்து, தான் ஆட்சிக்கு வந்தால் வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் கொட்டும் என்று சத்தியம் செய்வார். அந்தக் கண்ணீர் வெள்ளத்தில் பழைய ஆட்சி அடித்துச் செல்லப்பட்டது. அந்தத் தெருக்கள் இன்றுவரை கண்ட ஒரே நீர்வளமும் அதுதான்.

அப்படி அவர் நுழைந்த தெருக்களில் ஒன்றில்தான் லிஃப்ட்காரர் குடியிருந்தார். பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது அவர் தொழில். பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, இதோ ஆயிடும்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு ஒரு நல்ல குரல் வாய்த்திருந்தது. அதே குரலில்தான் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்த் தலைவருக்கு ஓட்டுக் கேட்டார். தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார். தேர்தல் முடிந்தது. அடுத்த தேர்தலும் முடிந்தது. குழாய் மட்டும் வறட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. "இதோ ஆயிடும்" என்று லிஃப்ட்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தெருவுக்குத் தலைவர்மேல் இருந்த மதிப்பை அளக்க எந்த நிபுணரும் தேவைப்படவில்லை. மரச்சட்டம் போட்ட அவர் படத்தைப் பார்த்தாலே போதும். முதலில் அது எல்லா வீட்டுக் கூடத்திலும் நடுநாயகமாக மாட்டியிருந்தது. பிறகு கதவுக்குப் பின்னால் போனது. பிறகு உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாகக் காற்றை மறைத்தது. கடைசியில் அடுக்களைக்குப் போய், தண்ணீர் பீப்பாய்க்கு மூடியானது. லிஃப்ட்காரரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன், அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் பஸ் டிரைவர், அந்த மூடியைத் தட்டிக்காட்டி, "தண்ணி விஷயத்துல இவர் செஞ்ச ஒரே வேலை இதுதான்" என்பார்.

லிஃப்ட்காரர் வீட்டுக் கூடத்தில் மட்டும் படம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். "ஊர்ப் போர்வையெல்லாம் துவைக்கிறேன். சொந்தப் போர்வையை நனைக்கத் தண்ணி இல்லை. அவர் மட்டும் சுவத்துல சிரிச்சுக்கிட்டே இருக்கார்" என்று தினமும் படத்தைத் துடைக்கும்போது சொல்வாள். துடைப்பது மட்டும் நிற்கவில்லை. தூசி என்றால் அவளுக்கு ஆகாது.

இந்த நிலையில்தான் ஒரு காலை, திடீர் வருகை இயக்ககத்தின் துணை இயக்குநர் வந்தார். சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள். கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னலையும் சாத்தச் சொன்னார்.

"இது பரம ரகசியம்" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். வெளியே ஜீப்புகள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் 'பரம ரகசியப் பணி' என்று பலகை மாட்டியிருந்தது. "தலைவர் உங்க வீட்டுக்குத் திடீர்னு வரப்போறார்."

லிஃப்ட்காரர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "எங்க வீட்டுக்கா? எப்ப மேடம்?"

"அதைச் சொன்னா திடீர்னு ஆகாதே. தேதி பிறகு அறிவிக்கப்படும். குழாயைத் திறங்க பார்ப்போம்."

திறந்தார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளிருந்து ஒரு பூச்சி எட்டிப் பார்த்துவிட்டு, சந்தடி பிடிக்காமல் திரும்பிப் போனது.

"தலைவர் வந்தா தண்ணி கேப்பார். அது அவர் வழக்கம். அவருக்கு மனசு நோகக் கூடாது" என்றார் துணை இயக்குநர். "ஏற்பாடு பண்ணிடலாம்."

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை முளைத்தது. அதற்குள் தண்ணீர் லாரி ஒன்று ஒளித்து வைக்கப்பட்டது. ஒரு தடித்த குழாய் வழியே அது தெருவின் பிரதானக் குழாயோடு இணைக்கப்பட்டது. ஒரு லாரி காலியானால் அதே டிரைவர் போய் இன்னொரு நடை கொண்டுவருவார். லிஃப்ட்காரர் வீட்டுக்கு மட்டும் விடத்தான் இயக்ககம் நினைத்தது. ஆனால் அந்தத் தெருவின் பிரதானக் குழாய்க்குத் தலைவரை நம்பியவர், நம்பாதவர் என்ற பாகுபாடு தெரியாது. எல்லா வீட்டிலும் கொட்டியது. ஜனங்கள் முதலில் குழாய்க்கு ஏதோ உடம்புக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் பாத்திரங்களோடு ஓடிவந்தார்கள். பிறகு பாத்திரம் எதற்கு என்று தோன்றி, குழாயடியிலேயே குளித்தார்கள். தெரு விளக்கு எரிந்தது. சாக்கடைக்கு மூடி வந்தது. மச்சான் ஒரு வாளித் தண்ணீரைப் பஸ்சுக்கு ஊற்றிக் கழுவி, அதன் நிறம் பச்சை என்று கண்டுபிடித்தார்.

அப்புறம் ஒத்திகை ஆரம்பித்தது. ஒத்திகையில் தலைவராக நிற்க ஓர் ஆள் வேண்டும். லாரி டிரைவர் சும்மாதானே இருக்கிறார் என்று அவருக்கு 'தலைவர் (ஒத்திகை)' என்ற கூடுதல் பொறுப்பு வழங்கப்பட்டது. தெரு அவரை மனதாரத் தலைவரே என்று கூப்பிட்டது. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி, கொண்டும் வந்த முதல் தலைவர் அவர்தானே.

"தட்டறாங்க. என்ன செய்வீங்க?" என்று கேட்டார் துணை இயக்குநர்.

"திறப்பேன் மேடம்."

"உடனே திறக்கக் கூடாது. யாரா இருக்கும்னு முகத்துல ஒரு சின்ன யோசனை வரணும்."

"கதவு சாத்தியிருக்கே. என் முகம் யாருக்குத் தெரியும்?"

"உள்ளே கேமரா இருக்கும்."

"உள்ளே கேமரா உட்கார்ந்திருக்கும்போது யாரா இருக்கும்னு நான் எப்படி மேடம் யோசிப்பேன்?"

"அதுதான் நடிப்பு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அதாவது, அதுதான் இயல்பு."

ஆனால் லிஃப்ட்காரருக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. லாரி டிரைவர் கதவைத் தட்டி, கைகூப்பிக்கொண்டு நின்றதுமே அவருக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. "ஐயா" என்றவர் அழுதுவிட்டார். லாரி டிரைவரும் பயந்துபோய் அழுதுவிட்டார். துணை இயக்குநர் அசந்துபோனார். 'வியப்பு: மிகச் சிறப்பு' என்று குறித்துக்கொண்டார். வருகைக்குத் தேதியும் வைத்தார்கள்.

அந்தத் தேதியில் தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வருகை தள்ளிப்போடப்பட்டது. லாரி டிரைவர் குழாயைக் கழற்றப் போனபோது துணை இயக்குநர் தடுத்தார். "வருகை நிலுவையில இருக்கிற வரைக்கும் ஏற்பாடு எதையும் அகற்றக் கூடாது. விதி."

அந்த விதி காற்றோடு மேல்மாடிக்குப் போய் மச்சானின் காதில் விழுந்தது. அவர் அன்றைக்கே தெருவாரை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்.

"என் பஸ் போற வழியில ஒரு தெரு இருக்கு" என்றார் மச்சான். "போன வருஷம் அங்கே ஒரு வீட்டுக்குத் தலைவர் திடீர் வருகை. வர்ற வரைக்கும் இதே மாதிரி தண்ணி, விளக்கு, எல்லாம். வந்தார். குடிச்சார். சிரிச்சார். கார் முனை திரும்பல, அதுக்குள்ள லாரி கிளம்பிடுச்சு. விளக்கைக் கழட்டினாங்க. சாக்கடை மூடியைக் கூட வண்டியில ஏத்திட்டாங்க. அதுதான் இப்ப நம்ம சாக்கடை மேல கிடக்கு. பார்த்த மூடி, எனக்குத் தெரியும்."

கூட்டத்தில் சிலர் கைப்பிடிச் சுவரிலிருந்து குனிந்து சாக்கடை மூடியைப் பார்த்தார்கள்.

"ஆக, அவர் வந்தா தண்ணி போயிடும். வரப்போறார்னு இருந்தா தண்ணி இருக்கும். மாப்ளே, நீ அடுத்த ஒத்திகையில தோத்துடணும்."

"என்ன மச்சான் பேசறீங்க?" லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். "நான் அவரைத் தோள்ல தூக்கினவன்."

"தூக்கினது நீ. சுமக்கிறது நாங்க."

"அவர் வந்து பார்த்தா எல்லாம் மாறும். அவருக்கு விஷயம் தெரியலை. சுத்தியிருக்கிறவங்க மறைக்கிறாங்க. நேரா அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா…"

"இதோ ஆயிடும்" என்று அவர் குரலிலேயே முடித்துவைத்தார் மச்சான். மொட்டைமாடி சிரித்தது. முன்பெல்லாம் இப்படிச் சிரித்தால் லிஃப்ட்காரர் இறங்கிப் போய்விடுவார். இந்தத் தடவை இறங்கவில்லை. எதிரே கொடிகளில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. தெருவின் போர்வைகளை அவற்றின் சொந்த நிறத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேரடியாகப் பேசினாள். "என்னங்க, அவர் வந்தா உங்களுக்கு ஒரு போட்டோ. வராம இருந்தா எனக்குத் தண்ணி. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"போட்டோவுக்காகவா நான் இத்தனை வருஷம்…"

"அப்ப எதுக்கு?"

அவர் வாய் திறந்தார். அவர்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் முன்பு எப்படிக் காற்று மட்டும் வருமோ, அப்படி.

மறு ஒத்திகையில் லாரி டிரைவர் கதவைத் தட்டினார். லிஃப்ட்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "திறந்துதான் இருக்கு" என்றார். உள்ளே வந்து கைகூப்பியவரைப் பார்த்து, "செருப்பை வெளியே விடுங்க" என்றார்.

துணை இயக்குநர் பதறிப்போனார். "வந்திருக்கிறது நாட்டின் தலைவர்!"

"அதுக்காக? கூடம் இப்பதான் கழுவினது."

'வியப்பு: போதாது. மறுபயிற்சி தேவை' என்று குறிப்பு எழுதப்பட்டது. வருகை தள்ளிப்போனது. அதற்கடுத்த ஒத்திகையில் அவர் மனைவி அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டாள். அதற்கும் அடுத்ததில், பக்கத்து வீட்டுக்காரராக நிற்க வேண்டிய மச்சான், "யாருப்பா இவரு?" என்று கேட்டுவிட்டார்.

"இது என்ன கேள்வி?" என்று சீறினார் துணை இயக்குநர்.

"வியப்பு மேடம். கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

இப்படி ஒரு தெருவே ஒன்றுகூடித் தோற்கும் அழகை இயக்ககம் அதுவரை கண்டதில்லை. துணை இயக்குநர் புத்திசாலி. அவருக்குப் புரியாமல் இல்லை. ஒருநாள் அவர் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து காலிக் கேன்கள் இறங்கின. லிஃப்ட்காரரின் மனைவி ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொடுத்தாள்.

"எங்க ஏரியாவுலயும் அவர் வரப்போறார்னு யாராவது ஒரு வதந்தி கிளப்ப மாட்டாங்களான்னு இருக்கு" என்றார் துணை இயக்குநர். பிறகு திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "இதை நான் சொல்லலை."

"யாரு, நீங்களா? நீங்க வரவே இல்லையே" என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி.

அந்தச் சமயம்தான் 'தலைவர்மீதான அன்புக் கணக்கெடுப்பு' நடந்தது. நாடெங்கும் போன அலுவலர்கள் கதவில் அடிபட்ட மூக்கோடு திரும்பினார்கள். இந்தத் தெருவில் மட்டும் அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு கூடத்தில் தலைவர் படம் இருந்தது. பீப்பாய்களுக்கு வேலையில்லாததால் மூடிகளுக்கும் வேலையில்லை. துடைத்து மறுபடி மாட்டிவிட்டார்கள். ஈரத்தில் இருந்ததால் சில படங்களில் தலைவர் கொஞ்சம் உப்பியிருந்தார். அவருடைய இன்றைய தோற்றத்துக்கு அதுவே நெருக்கமாக இருந்தது.

"தலைவர் வருகையை எதிர்பார்க்கிறீர்களா?" என்று கேட்டார் அலுவலர்.

"எதிர்பார்க்கிறோம். கடைசி வரைக்கும் எதிர்பார்த்துக்கிட்டே இருக்கணும்னுதான் ஆசை" என்றார் மச்சான்.

நாட்டிலேயே தலைவரை அதிகம் நேசிக்கும் தெரு என்ற முடிவு தலைவரின் மேசைக்குப் போனது. அவருடைய நிலைமையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கூட்டங்களுக்கு ஆள் சேர்வது நின்றுபோயிருந்தது. கையசைத்தால் திருப்பி அசைப்பவர்கள் இயக்ககத்தின் ஊழியர்கள் மட்டும்தான்; அவர்களும் பணி நேரத்தில் மட்டும். அந்தத் தாளைப் படித்த தலைவருக்குக் கண் கலங்கியதாம். யாரிடமும் சொல்லாமல் காரை எடுக்கச் சொன்னார். பதவிக்கு வந்தபின் முதல் தடவையாக, தலைவர் திடீரென்று வந்துவிட்டார்.

லிஃப்ட்காரர் அப்போது முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் தாராளமாக வந்ததிலிருந்து நுரையும் தாராளம். கதவு தட்டப்பட்டது. "தலைவரா? திறந்துதான் இருக்கு, செருப்பை வெளியே விடுங்க" என்றார் வழக்கப்படி. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தவர் லாரி டிரைவர் இல்லை.

லிஃப்ட்காரரின் முகத்தில் அப்போது தோன்றியதை எந்தப் பயிற்சியாலும் வரவழைக்க முடியாது. இயக்ககம் மாதக்கணக்கில் தேடிய வியப்பு அதுதான். படம் பிடிக்கத்தான் உள்ளே கேமரா இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத் தெருவே செல்போனோடு வாசலில் முண்டியது. பின்னாலேயே துணை இயக்குநர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா, இப்படி முன்னறிவிப்பில்லாம திடீர்னு… இது விதிமீறல் ஐயா!"

தலைவர் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். சம்மணம் போட முடியாமல் கால் நீட்டிக்கொண்டார். "அம்மா, ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க."

லிஃப்ட்காரரின் மனைவி கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு சத்தம் கேட்டது: இரும்பில் இரும்பு உரசும் சத்தம். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க" என்று கணவரின் காதில் கிசுகிசுத்தாள். "கழட்டறார்."

லாரி டிரைவர் ஸ்பேனரோடு குனிந்திருந்தார். மச்சான் ஜன்னலில் தலையை விட்டு, "யோவ் தலைவரே, நிறுத்துய்யா" என்று பல்லைக் கடித்தார். "வந்துட்டார்ல அண்ணே, விதிதான்" என்றது கொட்டகை.

கூடத்தில் தலைவர் தண்ணீரைக் குடித்து முடித்து அழுதுகொண்டிருந்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. சொன்னேன்ல? செஞ்சேன்ல?" லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உனக்கு என்ன வேணும்? கூச்சப்படாம கேளு."

இதற்காகத்தான் லிஃப்ட்காரர் இத்தனை வருஷம் காத்திருந்தார். நேராக ஒரு வார்த்தை. நுரைக்குள்ளிருந்து அந்த வார்த்தை வெளியே வந்தது. "ஐயா, இந்தக் குழாயில தண்ணி…"

"வருதே!" என்றார் தலைவர், பரிசு வாங்கிய குழந்தையைப் போல.

லிஃப்ட்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். யாரும் எதையும் மறைக்கத் தேவையில்லாத முகம். ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தால் லாரி தெரியும். தலைவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலடி. அந்த நாலடியைத்தான் அவர் பதவிக்கு வந்த நாளிலிருந்து நடக்கவில்லை, நடக்கவும் போவதில்லை என்று லிஃப்ட்காரருக்குத் தெரிந்துபோனது. பின்னால் கடைசி மரை கழன்று தகரத்தில் விழுந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் ஐயா" என்றார் லிஃப்ட்காரர். "மறுபடியும் வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

தலைவர் அவரைக் கட்டிக்கொண்டார். சட்டையெல்லாம் நுரை. அப்படியே வாசலுக்கு வந்து, படியில் நின்று, இரண்டு கையையும் உயர்த்தினார். "வருவேன்! இதே வீட்டுக்கு மறுபடியும் வருவேன்! இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு!"

துணை இயக்குநர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். "வருகை நிலுவை! மாட்டுய்யா, மாட்டு!"

தெரு ஆர்ப்பரித்தது. விசிலடித்தது. அவர் பதவிக்கு வந்த வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு கைதட்டலை யாரும் கேட்டதில்லை. தலைவர் நெஞ்சில் கைவைத்தபடி காரில் ஏறினார். கார் முனை திரும்பியது. எல்லோரும் குழாயைத் திறந்து பார்த்தார்கள். கொட்டியது.

மச்சானுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "மாப்ளே, இன்னிக்கு வந்த மாதிரி, ஒருவேளை நிஜமாவே மறுபடியும் வந்து நின்னுட்டார்னா?"

தெருவிலேயே தலைவரைக் கடைசி வரை நம்பிய மனிதர் கன்னத்தில் காய்ந்துபோன நுரையைத் தண்ணீர் விட்டு நிதானமாகக் கழுவினார்.

"எப்படி மச்சான் வருவார்? அதான் வாக்குக் கொடுத்துட்டாரே."